அந்த இரத்தப் பரிசோதனை பற்றி

அன்பு மகள்,

கிளினிக்கில் தந்த தாளில், உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோயின் பெயர் கிடந்ததைப் பார்த்து, "என்னைப் பற்றி என்னம்மா நினைத்துவிட்டார்கள்?" என்று நீ அழுதாய். தொலைபேசியில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னைச் சந்தேகப்பட்டு எடுத்த இரத்தம் இல்லை அது. எல்லாக் கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடுப்பது. மருத்துவமாதாக இருந்த காலம் முழுக்க நானும் வி.டி.ஆர்.எல். என்ற இந்தச் சிபிலிஸ் பரிசோதனைக்குத் தாள் எழுதியிருக்கிறேன், ரீச்சருக்கும் எழுதினேன், ஐயர் வீட்டு மருமகளுக்கும் எழுதினேன். இந்தக் கிருமி தாய்க்கு ஒரு நோவும் காட்டாமல் வருடக்கணக்கில் கிடக்கும். ஆனால் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போய்விடும். பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகவும் கூடும்.

முந்தி இதற்குப் பாதரசம் பூசினார்கள். பல் கழன்று விழும். 1910-இல் ஜேர்மனியில் ஆராய்ச்சியாளர் ஏர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் கண்ட சல்வர்சான் என்ற மருந்து வந்தது. அதுவும் ஆர்செனிக் என்ற நஞ்சு சேர்ந்ததுதான், மாதக்கணக்கில் ஊசி. அப்புறம் 1943-இல் நியூயோர்க் ஸ்டேட்டன் தீவில் ஜோன் மஹோனி என்ற வைத்தியர் நான்கு பேருக்குப் பெனிசிலின் ஏற்றிப் பார்த்தார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு ஊசி, இரவும் பகலுமாக எட்டு நாள். புண் ஆறியது. இந்தக் கிருமி மெதுவாகப் பெருகுவது. மருந்து இரத்தத்தில் நாள்கணக்கில் நிற்கவேண்டும். அதற்காகவே மெல்ல மெல்லக் கரையும் பென்சதீன் பெனிசிலின் வந்தது. பால்போலத் தடித்த மருந்து, போட்டால் இடுப்பு கடுக்கும். ஆனால் ஆரம்ப நிலையில் 24 இலட்சம் அலகு ஒரே தரம் போட்டால் போதும். எண்பது வருடமாகியும் இந்தக் கிருமி பெனிசிலினுக்கு அடங்கித்தான் போகிறது.

மருந்து இருந்தும் கொடுக்காமல் விட்ட கதையும் உண்டு, பிள்ளை. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதார சேவை "பார்த்துக்கொண்டே" இருந்தது. என்ன நோய் என்றுகூட அவர்களுக்குச் சொல்லவில்லை, "கெட்ட இரத்தம்" என்றார்கள். பெனிசிலின் எங்கும் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றியது. 1972-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையைச் சொன்னபோது, நான் எழுதிய தாள்களைத்தான் நினைத்தேன். ஒரு துளி இரத்தமும் ஒரு ஊசியும் செய்த வேலை அது.

முடிவு வந்ததும் சொல்லு. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, உடம்பில் சேராது.

அன்புடன்,
அம்மா