மனு பார்க்க வரும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் தொரப்பாடியில், மத்திய சிறைக்குப் போகிற வழியில் 19 வருடமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். மனு பார்க்க, அதாவது மனு கொடுத்துக் கைதியைப் பார்க்க வருகிறவர்கள் செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சில நேரம் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போவார்கள். "உள்ள வந்தா அழுவான், கொஞ்சம் பாத்துக்கோக்கா" என்பார்கள்.

போன ஆடி மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து, பீடி சுற்றுகிற ஒரு பெண், இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகனோடு வந்தார். அப்பா துபாயில் இருக்கிறார் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டில் இருப்பதால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பையன் திண்ணையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஷாம்பு பாக்கெட், தீப்பெட்டி, பஸ் போர்டு. அப்புறம் எதிரே இருந்த பலகை. "மத்... திய... சிறை." கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எங்கப்பா இங்கதான் இருக்காரா?" என்றான். எனக்கு வாய் வரவில்லை. கடலை மிட்டாய் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். அம்மா திரும்பி வந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தான்.

அப்பா செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தண்டனை அவருக்குத்தானே? ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாதா மாதம் யூனிஃபார்மிலேயே வருவாள், பார்த்துவிட்டு மதியம் பள்ளிக்கு ஓடுவாள். லீவுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுப்பாளாம். "உனக்கு மட்டும் மாசா மாசம் காய்ச்சலா?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அவள் வருவதை நிறுத்திவிட்டாள். தலைமை ஆசிரியரிடம் தனியாக ஒரு கடிதம், காரணம் கேட்காமல் அரைநாள் அனுமதி போதும். இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லையே.

பணத்துக்கும் வழி வேண்டும். தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். அது பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் கவனிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும். அப்பா ஜெயிலில், அம்மா பீடி சுற்றுகிறார் என்றால் அதில் இடமில்லை. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவருக்கும் அந்த அலுவலகத்தின் பெயர்கூடத் தெரியவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையே நான் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். இவர்கள் எல்லோரும் எப்படியும் மனு பார்க்க வருகிறவர்கள். அந்த இடத்திலேயே ஒரு மேசை போட்டு, அலகிலிருந்து ஓர் ஆள் உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு எது கிடைக்கும் என்று பார்த்து மனு எழுதிக் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் இதைச் செய்ய வேண்டும்.

மேசை போட அங்கே இடமில்லை என்றால் என் கடைத் திண்ணை இருக்கிறது. காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பெட்டிக்கடைக்காரப் பெண்மணி,
தொரப்பாடி, வேலூர்.