செயலாளரின் ஆண்டறிக்கை: அணு மருத்துவ ஆய்வில் பணியாற்றி ஓய்வு பெற்றோரின் பணி வரலாறு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, குடும்பத்துடன் வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பாளையங்கோட்டையில் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனவே, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி நாம் தொடங்கிய ஒரு பணியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு நோயறிந்து மருத்துவம் செய்யும் அணு மருத்துவத்தின் ஆய்வில் உழைத்து, ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பிய நம் உறுப்பினர்களின் அனுபவங்களை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யும் பணி அது.

நம் பக்கத்தில் அணு என்றாலே கூடங்குளம்தான் நினைவுக்கு வருகிறது. உறுப்பினர் ஒருவரின் பேத்திகூட, "தாத்தா, நீங்க கூடங்குளத்துலயா வேலை பாத்தீங்க?" என்றுதான் கேட்டாளாம். கூடங்குளம் மின்சாரத்திற்கானது. இவர்கள் கையாண்ட மருத்துவ ஐசோடோப்புகளோ, அதாவது மருத்துவத்திற்கான கதிரியக்கப் பொருள்களோ, மும்பை டிராம்பேயின் ஆராய்ச்சி அணு உலைகளில், அதாவது 1960-இல் இயங்கத் தொடங்கிய சைரஸிலும் 1985-இல் வந்த துருவாவிலும் உருவானவை. 1963-இல் மும்பை பரேலில் கதிர்வீச்சு மருத்துவ மையம் அமைந்த பிறகு, வேதியியல் படித்தவர்களும் இயற்பியல் படித்தவர்களும் மருத்துவர்களோடு தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். நோயாளியின் கண்ணுக்கு மருத்துவர் மட்டுமே தெரிந்தார்.

உலைக்கூடத்து வேதியியலாளராக இருந்த உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் நடந்த பதிவு மறக்க முடியாதது. நோயறியும் படங்களுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால், சிதைந்து டெக்னீசியமாக மாறும் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99 கரைசலையே ஈயக் கலத்தில் அடைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். தாயின் அரை ஆயுளும், அதாவது பாதியாகக் குறையும் காலமும், 66 மணி நேரம்தான். விமானம் ஒரு நாள் தவறினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். மருத்துவமனையில் அந்தக் கரைசலிலிருந்து டெக்னீசியத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டோம். அவர் உள்ளே போய், கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றிக் குலுக்கிக் கொண்டுவந்து, எண்ணெய் மேலே ஏறி நிற்கும்வரை பேசாமல் இருந்தார். மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பான் இப்படித்தான் டெக்னீசியத்தைத் தன்னோடு வாங்கிக்கொண்டு மேலே நிற்கும் என்றும், அதை வடித்து ஆவியாக்கி, எஞ்சியதை உப்புநீரில் கரைத்தால் ஊசிக்கு ஆயத்தம் என்றும் விளக்கினார். இந்த வேலைக்குப் பால் கறப்பது என்றே பெயராம்.

மற்றோர் உறுப்பினர், இரத்தத்தில் உள்ள தைராய்டு சுரப்புகளைக் கதிரியக்கப் பொருளின் துணையால் அளக்கும் கதிரியக்க நோயெதிர்ப்பு மதிப்பீட்டில் வாழ்நாளைச் செலவிட்டவர். இம்முறையைச் சாலமன் பெர்சனுடன் சேர்ந்து உருவாக்கியதற்காக 1977-இல் நோபல் பரிசு பெற்ற ரோசலின் யாலோவும் மருத்துவர் அல்லர், இயற்பியலாளர் என்பதை அவர் பெருமையோடு எடுத்துரைத்தார். இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் கதிரியக்கம் இல்லாத முறைகளுக்கு மாறிவிட்டன. தம் கைவேலை வழக்கொழிந்ததில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பழைய கைப்பக்குவம் எழுதி வைக்கப்படவில்லையே என்று நெடுநேரம் வருந்தினார். அவ்வருத்தம் எனக்கும் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் முடிவுதான் இருக்கும். முடிவுக்கு முன் கெட்டுப்போன நாற்பது கரைசல்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது.

பதிவுக்கு நாள் குறித்திருந்த ஓர் உறுப்பினரை இரண்டு வாரம் முன்னதாகவே இழந்தோம் என்பதை மிகுந்த துயரத்துடன் தெரிவிக்கிறேன். அவருடைய குறிப்பேடுகளைத் துணைவியார் மனமுவந்து சங்கத்திற்கு அளித்துள்ளார். அவற்றில் பல பக்கங்களின் கையெழுத்து மங்கியிருப்பதால் உடனே படியெடுக்க வேண்டும்.

பதிவு செய்ய இன்னும் இருவர் எஞ்சியுள்ளனர். அவர்களுள் மூத்தவரான அம்மையாருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஆகவே கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறோம். முதல் நான்கிற்கு அவர் தம் கைப்பட எழுதிய விடைகள் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. எஞ்சியவற்றை நேரில் சொல்வதாகக் குறிப்பிட்டிருப்பதால், தை மாதம் அவர் வீட்டிலேயே பதிவு நடைபெறும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்