பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் 2024ஆம் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் நிர்வாக சபை 12 தடவை கூடியிருக்க வேண்டும். கூடியது 7 தடவை. மற்ற 5 தடவையும் ஆள் போதாமல் திரும்பிப் போனோம். பொங்கல் விழா நடந்தது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் கிண்ணங்கள் வழங்கினோம். மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தோம். முன்வாசல் கேற் திருத்தப்பட்டது. வாணி விழாவுக்கு வழமைபோல அவலும் கடலையும் எங்கள் பொறுப்பு.

இனிக் குளக்கரை வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிந்தவன் நான். ஆண்டு முழுக்க இதற்காகப் பேச்சு வாங்கியவனும் நான்தான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை 6.30 முதல் 9.30 வரை, 10ஆம் 11ஆம் தரப் பிள்ளைகள் ஊர்க் குளத்துக்குப் போவார்கள். விஞ்ஞானம், கணிதம், தமிழ், வரலாறு, புவியியல் ஆசிரியர்களில் குறைந்தது இரண்டு பேர் கூட வருவார்கள். அன்றைக்குக் கண்ணில் படுவது எதுவோ அதை எல்லாருமாகப் படிப்பிப்பார்கள். இது நான் கண்டுபிடித்ததல்ல. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலில்தான் பள்ளியைத் தொடங்கினார். பின்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், பல பாடங்களை இணைத்த கற்றல் அலகு ஒன்றை ஆண்டுக்கு ஒரு தடவையாவது நடத்தும்படி எல்லாப் பாடசாலைகளையும் கேட்கிறது. அவர்களிடம் காடும் ஏரியும் உண்டு. எங்களிடம் காடும் குளமும் உண்டு.

முதல் வகுப்பு மாசியில், அருவிவெட்டு முடிந்த வயலில். முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒட்டுசுட்டான் என்று ஏன் பெயர் வந்தது என்று தமிழ் ஆசிரியை கேட்டார். குரக்கன் ஒட்டை, அதாவது கதிர் வெட்டியபின் மிஞ்சும் தாளை, சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்ட கோயில் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். உடனே விஞ்ஞான ஆசிரியர், ஒட்டைச் சுட்டால் பொட்டாசியம் சாம்பலில் நிற்கும், நைதரசனில் பெரும்பங்கு புகையோடு போய்விடும் என்றார். "அப்ப சுடலாமா, சுடக்கூடாதா சேர்?" என்று ஒரு பெடியன் கேட்டான். அடுத்த மாதம் அவனே பதிலோடு வந்தான். அவனுடைய அப்பப்பா சொன்னாராம்: காடு வெட்டிச் சுட்ட சேனையில் ஒன்றிரண்டு போகம் விதைத்துவிட்டு நிலத்தைக் காட்டிடம் திருப்பிக் கொடுத்தோம், அதனால் சுட்டது தாங்கியது, இப்போது ஒரே வயலில் ஒவ்வொரு போகமும் விதைக்கிறோம், நிலத்துக்கு ஓய்வு எங்கே? இந்தப் பதில் எந்தப் பாடத்துக்குரியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, கற்சிலைமடு, வவுனிக்குளம் என்று ஊர்ப்பெயர்களை எழுதிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. யாழ்ப்பாணத்தின் அடியில் சுண்ணாம்புக்கல், ஆகவே அங்கே கிணறு. வன்னியின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது தண்ணீரை அதிகம் தேக்காத கருங்கல், ஆகவே இங்கே குளம். இதைப் புவியியல் ஆசிரியர் குளக்கட்டில் நின்றே விளங்கப்படுத்தினார். ஐப்பசியில் கற்சிலைமடு நினைவுக்கல்லுக்குப் போய், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயப் படையிடம் தோல்வியுற்ற 31.10.1803 என்ற திகதியைப் பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். குருவிப்பள்ளும் பண்டிப்பள்ளும் வயல் காக்கப் பிறந்த பாட்டுகள் என்பதை, பாடத் தெரிந்த ஓர் அம்மா வயல் வரம்பில் இருந்து பாடிக் காட்டினார்.

ஆவணி வகுப்பை மட்டும் உறுப்பினர்கள் எல்லாரும் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றி அலைகரை வெடித்துக் கிடந்தது, நடுவில் கொஞ்சம் சேறு. சேற்றின் ஓரத்தில் யானைத் தடம், விடியப்புறம் வந்து போயிருக்க வேண்டும். முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் சற்று நீளம். 11ஆம் தரப் பிள்ளை ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, கயிற்றை முன்கால் தடத்தின் விளிம்போடு படிய வைத்துச் சுற்றி அளந்தாள். 1.15 மீற்றர். முன்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வரும் என்று கணித ஆசிரியர் சொன்னார். 2.3 மீற்றர். பக்கத்திலேயே சின்னத் தடம் ஒன்று. அதையும் அளந்தாள்: 60 சென்ரிமீற்றர். குட்டி 1.2 மீற்றர், அவளுடைய தோளளவும் வராது. "எங்கட வயலுக்கு வந்ததும் குட்டியோடதான் வந்தது" என்றாள். அந்தப் போகத்தில் அவர்களுக்கு அரை ஏக்கர் போனது. அன்று மாலையே தமிழ்க் கட்டுரைக்குப் பதிலாக யானை வேலி கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். அளவுகளும் திகதிகளும் இருந்தன, அழுகை இல்லை. நிர்வாக சபை அதை அப்படியே உரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறது. அதை எழுத எனக்கு வராது.

இதைத்தான் சிலர், பிள்ளைகளை வெயிலில் அலைக்கிறோம், ரியூசனைக் கெடுக்கிறோம், பரீட்சைக்கு இது வராது என்கிறார்கள். சாதாரண தரத்துக்கு 9 பாடம். குளத்தங்கரையில் அதில் குறைந்தது ஐந்து பாடம் இருக்கிறது. ரியூசன் 10 மணிக்குத்தான் தொடங்குகிறது, நாங்கள் 9.30க்கு விட்டுவிடுகிறோம். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டவர்களின் கேள்வி நியாயமானது. 2009இல் யுத்தம் முடிந்த மண் இது. மிதிவெடி அகற்றப்பட்ட இடமென்று உறுதியாகத் தெரிந்த குளம், வயல், கோயில் பாதை, நினைவுக்கல்லடி தவிர வேறெங்கும் ஒரு பிள்ளையும் காலெடுத்து வைக்க நான் விட்டதில்லை. காட்டுக்குள் பாலைப்பழம் பொறுக்கப் போகக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு பயமும் இருக்கிறது.

ஆனிமாத வகுப்பு நடக்கவில்லை. பிள்ளைகளை ஏற்றிப்போக உழவு இயந்திரப் பெட்டி தருவதாகச் சொன்ன உறுப்பினர் வரவில்லை, அழைப்பையும் எடுக்கவில்லை. 34 பிள்ளைகள் 8 மணிவரை கேற் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? கார்த்திகையில் வெள்ளம். உயர்தரப் பரீட்சையே 25ஆம் திகதி தொடங்கி 27ஆம் திகதி நிறுத்தப்பட்ட நேரம், ஆகவே அந்த மாதமும் மார்கழியும் வகுப்பு இல்லை.

சந்தா. ஆண்டுக்கு 500 ரூபா. 118 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 46 பேர். வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்குமுன்பே அனுப்பினார்கள், நன்றி. பாடசாலை மணி கேட்கும் தூரத்தில் இருப்பவர்களிடம்தான் மூன்று தரம் போனேன். கஷ்டப்படுகிறவர்களிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வசதி இருந்தும் "பிறகு பார்ப்பம்" என்று சொன்னவர்களைத்தான் சொல்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. சிற்றுண்டிக் கணக்கில் கொஞ்சம் பாக்கி, இந்த மாதத்துக்குள் தீர்த்துவிடுவோம்.

அதிபருக்கும், சனிக்கிழமையை விட்டுத்தந்த ஆசிரியர்களுக்கும், கமக்காரர் அமைப்புக்கும், பணிஸும் தேநீரும் தந்த பெற்றோருக்கும், கணக்காய்வாளருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஐப்பசியில் பிள்ளைகள் நேர்ச்சுவருள்ள பால்மா ரின்னை முற்றத்தில் வைத்து ஒரு இரவு மழையை அளந்தார்கள்: 38 மில்லிமீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். எங்கள் நீண்ட வகுப்பறைக் கூரை 20க்கு 7, அதாவது 140 சதுர மீற்றர். ஒரு இரவில் 5,320 லீற்றர் தாழ்வாரத்தால் வழிந்து போயிருக்கிறது. ஆவணியில் இதே பாடசாலைக்கு நாங்கள் பவுசரில் தண்ணீர் வாங்கினோம். கணக்கைப் போட்ட பிள்ளைகள், "கூரைத் தண்ணியைப் பிடிக்கப் பீலி பூட்ட எவ்வளவு முடியும்?" என்று என்னைக் கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். விலை விசாரித்து வைத்திருக்கிறேன். வராத சந்தாவில் பாதி வந்தாலே போதும்.

செயலாளர் பதவியை இளையவர் யாராவது ஏற்பதென்றால் இன்றைக்கே தருகிறேன். குளக்கரை வகுப்பை நடத்துவேன் என்ற உறுதி மட்டும் வேண்டும். மாசி வகுப்புக்கு உழவு இயந்திரம் ஒன்றும், கூட வர பெரியவர்கள் நான்கு பேரும் தேவை. பற்றுச்சீட்டுப் புத்தகம் கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் இந்த மேசையடியிலேயே இருப்பேன்.

நன்றி.

செயலாளர்