செவலையின் முதுகு அளவு

வெர்டென்,
மார்ச், ஞாயிறு காலை

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதமும் செவலையின் படங்களும் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத்தான் தாமதம். படங்களைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தயம் ஓடி முடித்த பெண்குதிரை, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு நிழலில் நின்று புல் மேய்கிறாள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் என்.சி.சி. லாயத்துக்கு இருட்டோடு எழுந்து போவோமே, அப்போது பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? என்றைக்காவது சொந்தமாக ஒரு குதிரை என்று. ஐம்பத்திரண்டு வயதில் நீ அதைச் செய்துவிட்டாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கே எல்லோரும் நலம். அம்மா மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினார். குளிர் பொறுக்கவில்லை, ஆனாலும் லாயத்துக்கு மட்டும் என்னோடு வந்துவிடுவார். என் குதிரை பழுப்பனுக்கு இந்த வசந்தத்தில் பதினைந்து வயது நிறைகிறது. கேரட் கொண்டுவருபவர் அம்மா என்று அவனுக்குத் தெரிந்துபோய், இப்போது வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் நால்வர் அணி டிரெஸ்ஸாஜில், குதிரையை நுட்பமாக நடத்திக்காட்டும் அந்தச் சவாரிப் போட்டியில், தங்கம் வாங்கிய நாளிலிருந்தே இந்த ஆசை உனக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்த நாள் மறக்காது. 1982 தில்லிக்குப் பிறகு 41 ஆண்டு கழித்து வந்த தங்கம். அந்த அணியில் இருந்த அனுஷ் அகர்வல்லா இங்கே ஜெர்மனியில் இருந்து பயிற்சி எடுத்தவர் என்பதால் எங்கள் லாயத்திலும் அதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆண்டே அவர் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இறங்கினார். ஆகவே நீ டிரெஸ்ஸாஜ் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 17 அங்குல இருக்கை உள்ள ஜெர்மன் சேணம் ஒன்றை நான் இங்கிருந்தே வாங்கி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறாயே, அதை இப்போது செய்ய மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பணத்துக்காகச் சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பக்கவாட்டில் எடுத்த அந்தப் படத்தை மறுபடி பார். தோள்மேடு, அதுதான் விதர்ஸ், கத்தி மாதிரி உயர்ந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் இருபுறமும் கை வைத்தால் உள்ளே போகும் அளவுக்குக் குழி. முதுகுத் தசை வற்றிக் கிடக்கிறது. பந்தயத்தில் ஓடிவிட்டு வந்த தரோபிரெட்டுக்கு, அதாவது பந்தய இனக் குதிரைக்கு, இது புதிதில்லை, உனக்கு நான் சொல்ல வேண்டியதும் இல்லை. நல்ல தீனி, மெதுவான சரியான வேலை என்று ஆறு மாதம் போனால் அந்தக் குழி நிரம்பும், தோள் அகலும், முதுகு உருண்டு வரும். இன்றைய முதுகுக்கு அளவெடுத்து மூவாயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்து ஒரு சேணம் வாங்கினால், தீபாவளிக்குள் அது அவளைத் தோளில் கவ்விப் பிடிக்கும். அப்புறம் நிரம்ப வேண்டிய அதே தசை மறுபடி வற்றும். வளர்கிற பிள்ளைக்கு உடம்பைப் பிடித்துச் சட்டை தைக்க மாட்டோமே, அப்படித்தான் இது.

இதை நான் பழுப்பன் முதுகில்தான் கற்றேன். அவனை வாங்கிய முதல் வருடம், பழைய சேணம் ஒன்றைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்தேன். கறுப்புத் தோல், ஆழமான இருக்கை, தையல் அவ்வளவு நேர்த்தி. விற்றவர் 'மீடியம் அகலம், எல்லாக் குதிரைக்கும் சேரும்' என்றார், நானும் நம்பினேன். பழுப்பனோ தட்டையான விதர்ஸும் அகலமான தோளும் உள்ளவன். நான்கு மாதத்தில் இடது பக்கம் கேன்டர், அதாவது மெதுவான பாய்ச்சல், எடுக்க மறுத்தான். வயிற்று வாரைக் கையில் எடுத்தாலே காதைப் பின்னால் மடக்கினான். சோம்பல் என்று பயிற்சியாளர் சொன்னார். நானும் சாட்டையைத் தூக்கினேன். விதர்ஸுக்கு இருபுறமும் வெள்ளை முடி முளைத்தபோதுதான் அங்கே அழுத்தம் என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று புரிந்தது. அந்த வெள்ளைத் திட்டு இன்னும் இருக்கிறது. தேய்த்துவிடும்போது என் கை அங்கே ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது.

சேணத்துக்குள்ளே இருக்கிற ட்ரீதான் அதன் எலும்புக்கூடு. அதன் முன்வளைவு தோளின் சரிவுக்கு இணையாக உட்கார வேண்டும். அகலம் சரியாக இருந்தும் சரிவு தப்பாக இருந்தால் கீழ் முனை குத்தும். இன்னொன்று, நிற்கிற குதிரையை மட்டும் பார்த்து அளவெடுத்தால் ஏமாந்துபோவோம். முன்கால் முன்னே நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை சில சென்டிமீட்டர் பின்னால் வருகிறது. சேணம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு எட்டிலும் எலும்பு போய் அதில் மோதும். டிரெஸ்ஸாஜில் நாம் கேட்பதே நீண்ட, விடுபட்ட நடை. அதை ஒரு கையால் கேட்டு மறு கையால் தடுத்தால் அவள் என்ன செய்வாள்?

பின்பக்கம் கடைசி விலா எலும்போடு, முதுகெலும்பின் பதினெட்டாவது கணுவோடு, சேணம் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் எடையைத் தாங்க விலா இல்லை. நீ 17 அங்குலம் என்று முடிவு செய்தது உன் உடம்பைப் பார்த்து. அவள் முதுகில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்தாயா? படத்தில் பார்த்தால் முதுகு குட்டை. தோள்பட்டைக்குப் பின்விளிம்பிலும் கடைசி விலாவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி அனுப்பு. இருக்கை 17 ஆக இருந்தாலும் அடிப்பேனலை, அதாவது முதுகில் படுகிற மெத்தையை, குட்டையாக வைத்துத் தருகிற சேணம் உண்டு. அதனால் மனம் தளராதே.

அங்கே பக்கத்தில் சேணம் பொருத்திப் பார்க்கிறவர் யாரும் இல்லை என்றாய். உன் கை போதும். ஃபிளெக்ஸி கர்வ் என்று வளைகிற ரூலர் ஒன்று, வரைபடப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். சமதரையில், நாலு காலும் சமமாக, தலை நேராக இருக்கும்படி அவளை நிறுத்து. தீனி தின்றுகொண்டிருக்கக் கூடாது. தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால் ஒரு முறை, முதுகின் தாழ்ந்த இடத்தில் ஒரு முறை, கடைசி விலாவில் ஒரு முறை ரூலரை அழுத்தி, அந்த வளைவை அப்படியே தாளில் வைத்து வரை. தேதி போடு. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அதே தாளில் வேறு நிறத்தில் வரைந்துகொண்டே வா. தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்பது போல, அந்தத் தாள்தான் எனக்கு வேண்டும்.

அதுவரை சவாரிக்கு என்ன செய்வது என்று கேட்பாய். உன் நண்பர் ஒருவரின் பழைய சேணத்தில் அகலத்தை மாற்றலாம், உள்ளே கம்பளித் திணிப்பு என்று எழுதியிருந்தாய். அதையே எடுத்துக்கொள். இன்றைக்குக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். குழி விழுந்த இடத்தை மட்டும் ஃபெல்ட் துண்டுகளால் நிரப்பு. தசை வர வர ஒவ்வொரு துண்டாக எடுத்துவிடு. இதை மாற்றிச் செய்துவிடாதே. குறுகலான சேணத்துக்கு அடியில் கனமான பேட் போட்டால் மெத்தென்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இறுக்கமான ரவிக்கைக்குள் இன்னொரு துணியைத் திணித்தால் என்ன ஆகும்?

முதலில் பேட் இல்லாமல் வெறும் முதுகில் வை. விதர்ஸ் மேல் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுத்தால், அது தானாக நிற்கிற இடம் ஒன்று இருக்கும், அதுதான் இடம். வாரை இறுக்காமல், உள்ளங்கையைப் பேனலுக்கு அடியில் முன்னிருந்து பின்வரை ஓட்டு. முன்னும் பின்னும் அழுத்தம் இருந்து நடுவில் கை சும்மா போனால் பாலம் மாதிரி நிற்கிறது, கூடாது. முதுகெலும்பு முள்ளின்மேல் எதுவும் படாமல் நடுப் பள்ளம் முழு நீளத்துக்கும் மூன்று நான்கு விரல் அகலம் வேண்டும். பள்ளம் முன்னால் அகலமாகவும் பின்னால் ஒடுங்கியும் இருக்கிற சேணங்கள் நிறைய, அதனால் பின்னாலிருந்து குனிந்து பார். இருக்கையின் மேல் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது நடுவில் வந்து நிற்க வேண்டும். பின்னால் உருண்டால் நீயும் அப்படித்தான் பின்னால் உருள்வாய். நீ ஏறி உட்கார்ந்த பிறகும் விதர்ஸுக்கு மேலே இரண்டு விரல் போக வேண்டும். அவளுடைய விதர்ஸ் உயரத்துக்கு இதுதான் முதலில் தப்பிப்போகும். அப்புறம் அவள் டிராட்டில், அதாவது மெல்லோட்டத்தில், போகும்போது யாரையாவது பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்.

அந்த வீடியோவில் சேணம் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிந்தால், சேணத்தைத் திட்டுவதற்கு முன் பின்னங்காலைப் பார். இங்கிலாந்தில் சூ டைசனும் லீனே கிரேவும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கமாகவே சரியும் சேணத்துக்குப் பின்னால் பல நேரம் பின்னங்கால் நொண்டல் இருக்கிறது. நரம்பை மரத்துப்போகச் செய்து நொண்டலை நிறுத்தினால் சேணமும் நேராகிவிடுகிறது. வெளியே தெரியாத அளவு லேசான நொண்டலாகக்கூட இருக்கலாமாம். வார் கட்டும்போது அவள் கடிக்க வருகிறாள் என்றாயே, அதற்கும் சேணம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பந்தயக் குதிரைகளின் வயிற்றுப் புண்ணைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான்.

இப்போது உன் விஷயம். குதிரைக்குச் சரியாக இருந்தால் போதும், நான் எப்படியாவது உட்கார்ந்துகொள்வேன் என்று எழுதியிருந்தாய். உன் குணம் அப்படி. ஆனால் அது நடக்காது. பழுப்பனுக்கு நான் வாங்கிய இரண்டாவது சேணம் அவனுக்கு நன்றாகவே பொருந்தியது. எனக்குத்தான் இடுப்பு மூட்டில் வலி. சேணத்தின் இடை, நம் தொடைக்கு நடுவே வருகிற அந்தப் பகுதி, எனக்கு மிக அகலம். ஸ்டிரப், அதாவது கால்மிதி, மாட்டும் இரும்பு முன்னால் தள்ளி இருந்ததால் கால் முன்னே போய்விட்டது, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆனேன். விழாமல் இருக்க முழங்காலால் கவ்விப் பிடித்தேன். நான் கவ்வக் கவ்வ அவன் முதுகை இறுக்கினான். பொருந்திய சேணத்திலும் அவன் முதுகு வலித்தது, அதற்குக் காரணம் என் உடம்பு. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் வரும் சேணம் கிடைத்த பிறகுதான் அவன் என்னை மூச்சுவிட்டு ஏற்றுக்கொண்டான்.

உனக்கு வலது இடுப்பில் வலி இருப்பதால் இதைச் சொல்கிறேன். நாம் சவாரி கற்ற அந்த ராணுவச் சேணத்தில் உடம்புக்கு ஏற்ற அளவு என்று யாரும் கேட்டதில்லை. டிரெஸ்ஸாஜ் சேணத்தில் கேட்க வேண்டும். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம், முன்னெலும்பு தாழ்வு. முன்பக்கம் செங்குத்தாக எழும் இருக்கை அங்கே அழுத்தும். உன் தொடை நீளம் எனக்குத் தெரியும், ஃபிளாப், அதாவது பக்கத்தில் தொங்கும் தோல், குட்டையாக இருந்தால் முழங்கால் வெளியே தள்ளும். தொடைக்கு முன்னால் வைக்கிற திண்டு, அந்தத் தொடை பிளாக், பெரிதாக இருந்தால் பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் உன் இடுப்புக்குச் சின்னதே நல்லது. கால் தானாகத் தொங்க இடம் வேண்டும். ஒரே சேணத்தில் அரை மணி உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதே. ஐந்து நிமிடத்தில் எல்லாச் சேணமும் சுகமாகத்தான் இருக்கும்.

கடைசியில் வாங்கும்போது ஃபோம் வேண்டாம், கம்பளித் திணிப்பே வாங்கலாம். கம்பளி முதல் சில மாதத்தில் படியும், அப்போது எடுத்துத் திணிப்பைச் சரிசெய்யலாம். அவள் மாற மாற அதுவும் மாறும். பாசியர் இங்கே ஹனோவரில் 1867இல் தொடங்கிய சேணக் கம்பெனி, ஸ்டியூபன் 1894இல் தொடங்கியது. ஆனால் பெயரைப் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம், தாளைப் பார்த்து ஆரம்பிப்போம். உங்கள் பக்கத்து ஐப்பசி மழைக்குத் தோல் பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக் உறையில் மட்டும் மூடி வைக்காதே.

முதல் மூன்று வளைவையும் இந்த மாதமே வரைந்து அனுப்பு. பக்கத்தில் சென்டிமீட்டர் ஸ்கேல் வைத்துப் படம் எடு. செப்டம்பரில் நான் ஊருக்கு வரும்போது அந்தத் தாளில் நாலு நிறக் கோடாவது இருக்க வேண்டும். இங்கே எனக்குச் சேணம் பொருத்தித் தருகிற பெண்மணியிடம் பேசிவிட்டேன். கோடுகளைப் பார்த்து ட்ரீ எந்த வடிவம் என்று சொல்கிறேன் என்றிருக்கிறார். செவலைக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. கேரட் சாப்பிடுவாளா, இல்லை வெல்லம்தானா?

அன்புடன்,
உன் பழைய லாயத் தோழி