முகமாலை: இயந்திரம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பெரிய இயந்திரங்களை இறக்கி உழுதால் போரில் மிதிவெடி புதைக்கப்பட்ட முகமாலைக் காணிகளை விரைவில் விடுவிக்கலாமே, ஏன் இன்னும் ஆட்கள் முழங்காலில் இருந்து கிளறுகிறார்கள் என்று காணிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சுழலும் உருளையில் சங்கிலிகளைக் கோத்து, நுனியில் இரும்புச் சம்மட்டி மாட்டிய இயந்திரம் பற்றையை நொறுக்கும், மேல்மண்ணை இளக்கும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. ஒரு சங்கிலி அறுந்தாலோ சாரதி வேகமாக ஓட்டினாலோ அடிபடாத கீற்றுகள் நிலத்தில் மிஞ்சும். பழைய மிதிவெடி சிலவேளை வெடிக்காமலே உடைந்து, கெற்பு (வெடியைத் தூண்டும் சிறு குப்பி) தனியாகக் கழன்று மண்ணோடு கலந்துவிடும். சிதறிய இரும்புத் துண்டுகளால் உலோகம் காட்டும் கருவி அடிக்கொருதரம் கத்தும். ஆகவே இயந்திரம் போன இடத்தை ஆள் திரும்பவும் பார்த்தே ஆகவேண்டும். புலிகளின் ஜொனி வெடி மரப்பெட்டியில் செய்தது. பெட்டி உக்கிப்போனாலும் உள்ளே இருக்கும் மருந்து உக்குவதில்லை.

கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை நீண்டிருந்த போர்க்கால மண் அணைதான் உண்மையான தலையிடி. மழையில் சரிந்த அணை வெடிகளை ஆழத்தில் மூடிவிட்டது. சம்மட்டி அங்கே எட்டாது. கவசமிட்ட பெக்கோதான் (மண் அள்ளும் இயந்திரம்) வழி: துப்புரவான பக்கத்திலிருந்து படைபடையாகச் சுரண்டி, இறுகிய தரையில் மெல்லிசாகப் பரப்பி, முள்வாரியால் வாரிப் பார்க்கவேண்டும். மாரியில் ஈரமண் அரிதட்டில் அப்பிக்கொள்ளும் என்பதால் மண்ணைச் சலிக்கும் அரிப்பு வேலை கோடைக்குரியது. கைவாரிக்கோ கோடை மண் கல்லாக இறுகிவிடும், தண்ணீர் ஊற்றி ஊறவைத்தே கிளறலாம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போடுவது வீண்செலவு.

மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்த இலங்கைக்கு, வெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் 1 காலக்கெடு. அவசரத்தில் சதுர மீற்றர் கணக்குக் காட்ட இயந்திரம் வசதியானது. ஆனால் அந்த மண்ணில் கச்சான் போடப்போகிறவருக்குக் கணக்கு உதவாது.

காணிக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கையளிக்க முன்னர் சொந்தச் செலவில் பெக்கோ பிடித்து அணையைத் தட்டவோ கிணறு இறைக்கவோ வேண்டாம். அள்ளும் மண்ணோடு வெடியும் துப்புரவான காணிக்குள் வந்துவிடும். கையளிக்கும்போது எந்த ஆழம் வரை பார்த்தார்கள் என்று கேட்டு, வரைபடப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் வாங்கி வையுங்கள். அணை இருந்த இடத்தில் அத்திவாரமோ கிணறோ வெட்டுவதானால் அந்த ஆழத்துக்குக் கீழே இறங்க முன்னர் மிதிவெடி அகற்றுவோருக்கு அறிவியுங்கள்.

மிதிவெடி அகற்றும் பணியாளர் சிலர்,
பளை.