டிஜே கையும் ஓடாத வயரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஜேக்கள் மேடையில் நிஜமாகவே மிக்ஸ் செய்கிறார்களா, நடிக்கிறார்களா என்று பலர் கேட்கிறார்கள். புரசைவாக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிலர் நடிக்கத்தான் செய்கிறார்கள்.

சமீபத்தில் வானகரம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. டிஜே இரண்டு பிளேயரையும் மாற்றி மாற்றித் தேய்க்கிறார், ஹெட்போனைத் தோளால் காதில் அழுத்திக்கொள்கிறார். பின்னால் போய்ப் பார்த்தால், ஒரு பிளேயரிலிருந்து, பாட்டுகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸருக்கு வயரே போகவில்லை! மற்றதில், பென் டிரைவில் இருந்த நீளமான ரெக்கார்டிங் ஒன்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் மாமா ஒரு பழைய பாட்டைக் கேட்டார். ‘அப்புறம் சார், அப்புறம் சார்’ என்றே பந்தி முடிந்துவிட்டது.

அதற்காக பிளேயரில் இருக்கும் சிங்க் பட்டனை அமுக்கினாலே ஏமாற்று என்பதை ஏற்க மாட்டேன். அது இரண்டு பாட்டின் வேகத்தை ஒன்றாக்கும், அவ்வளவுதான். அடுத்து எந்தப் பாட்டு, எந்த இடத்தில் என்பதை ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய விழாக்களில் விளக்கு, திரை, வாணவேடிக்கை எல்லாம் பாட்டோடு நொடி பிசகாமல் வர வேண்டியிருப்பதால், முன்கூட்டியே கோத்து வைப்பதும் உண்டு. மேடையில் பெரும்பாலும் பிளே பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்று கனடாவின் பிரபல மின்னிசைக் கலைஞர் டெட்மௌஸ் 2012-லேயே வெளிப்படையாக எழுதினார்.

லைவ் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் எனக்கு எரிச்சல். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, ‘நடுவில் கேட்கிற பாட்டைப் போடுவீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். ரெக்கார்டிங் என்றால் அதற்குத் தகுந்த ரேட்டைப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்,
புரசைவாக்கம், சென்னை