ஞாயிறு வாசிப்பு: கொலையாளி பெயரை உளறாதீர்கள்!

அனைவருக்கும் வணக்கம்.

இம்மாத நாவல், ஓல்கா தோகர்சுக் 2009-இல் போலிஷ் மொழியில் எழுதிய 'டிரைவ் யுவர் ப்ளவ் ஓவர் த போன்ஸ் ஆஃப் த டெட்'. வரும் ஞாயிறு மாலை 5 மணி, மொட்டை மாடி. மழை வந்தால் கீழே பார்க்கிங்.

1. பாதியாவது படித்துவிட்டு வாருங்கள். ஆரம்பத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையில் மான் எலும்பு சிக்கிச் செத்துக் கிடப்பார். அப்புறம் புத்தகமே இழுத்துக்கொண்டு போகும்.

2. இது துப்பறியும் கதையா, ஜோதிடக் கதையா, காணாமல் போன இரண்டு நாய்களுக்கான ஒப்பாரியா? என் ஓட்டு ஒப்பாரிக்குத்தான். உங்களுடையதை யோசித்து வையுங்கள்.

3. முடித்தவர்கள் கொலையாளி யாரென்று இங்கே போட வேண்டாம். போன மாதக் கோபமே இன்னும் தீரவில்லை!

4. வருகிறவர்கள் வெள்ளிக்குள் பதில் போடுங்கள். சுண்டலுக்குக் கணக்கு வேண்டும்.